மின்சாரக் கஷாயப் பானை: சத்து இறங்கும் கணக்கை வைத்து ஒரு மதிப்புரை

திருநெல்வேலிச் சீமையில் குடிநீர், அதாவது மூலிகைக் கஷாயம், காய்ச்சத் தெரியாத வீடு இன்றும் குறைவுதான். பாளையங்கோட்டையில் 1964-ஆம் ஆண்டிலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டவுனில் நாட்டுமருந்துக் கடைகள் இருக்கின்றன. காய்ச்சல் காலம் வந்துவிட்டால் நிலவேம்பு கொதிக்கும் மணம் எல்லாத் தெருக்களிலும் உண்டு. ஆகவே, சீனத்தில் செய்யப்பட்ட மின்சாரக் கஷாயப் பானை இந்த ஊர்ப் பாத்திரக் கடைகளுக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. நான் வாங்கியது 3 லிட்டர் கொள்ளும் பீங்கான் பானை. அடியில் சூடேற்றும் தட்டு, முகப்பில் மூன்று பொத்தான்கள், இறுக்கமாகப் பொருந்தும் மூடி, ஊற்றும் மூக்கின் உட்புறத்தில் துளைச் சல்லடை ஆகியவை இதன் உறுப்புகள். விலை மூவாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூட்டைக் கையாள்வதில் இது நேர்மையான, நல்ல கருவி. ஆனால் இது நேரத்தை மட்டுமே அளக்கிறது. மூலிகைச் சரக்கிலிருந்து சத்து இறங்குவதோ நேரத்தைக் காட்டிலும் துண்டின் பருமனையும், நீரின் அளவையும், சக்கையில் தங்கிவிடும் நீரையும் பொறுத்தது. இந்த மூன்றையும் வாங்குபவரே கவனித்துக்கொண்டால் பானை நன்றாகப் பயன்படும். கவனிக்காதவருக்கு இது மண்சட்டியைவிட எந்த விதத்திலும் மேலானதன்று.

நீர் கறுத்திருக்கிறதா, மணக்கிறதா என்று பார்த்து இத்தகைய கருவியை மதிப்பிட்டுவிட முடியாது, ஏனென்றால் நிறம் பெரும்பாலும் முன்னதாகவே இறங்கிவிடும். சீன மருந்துக் குடிநீர்களைத் தொழிற்சாலை அளவில் காய்ச்சுகிறவர்கள், சத்து எந்த வேகத்தில் நீருக்கு வருகிறது என்பதைக் கணித மாதிரிகளாக எழுதிவைத்து, அவற்றைக் கொண்டு நேரத்தையும் நீரளவையும் தீர்மானிக்க முயல்கிறார்கள். வேதியியல் கற்பிக்கும் தொழிலில் இருப்பதால் அதே வழியில் இந்தப் பானையைச் சோதித்தேன். காய்ச்சும்போது சீரான இடைவெளியில் சிறிதளவு நீரை எடுத்து, வடிகட்டி, உலர்த்தி, மிஞ்சிய படிவை நிறுத்துப் பார்த்தேன். இது மொத்தக் கரைபொருளைக் காட்டுமே தவிர, தனியொரு சத்தைக் காட்டாது. ஆயினும் நேரத்துக்கு எதிரே அந்த எடைகளை வரைந்தால் கிடைக்கும் வளைகோட்டின் வடிவம், பானைக்குள் நடப்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

அந்த வளைகோட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. இடித்தபோதோ சீவியபோதோ உடைந்த உயிரணுக்களின் சத்து, துண்டின் மேற்பரப்பிலேயே இருப்பதால் சில நிமிடங்களில் கழுவப்பட்டு நீருக்கு வந்துவிடுகிறது. உடையாத உயிரணுக்களுக்குள் இருக்கும் சத்து, முழுத் துண்டின் ஊடாகவும் மெல்ல விரவி வெளியே வர வேண்டியிருக்கிறது. முதற்பகுதி செங்குத்தாக ஏறும். இரண்டாம் பகுதி சாய்ந்து, தளர்ந்து, கடைசியில் கிடைமட்டமாகிவிடும். மெதுவான அந்த இரண்டாம் பகுதியை ஆள்வது, 1855-இல் அடோல்ஃப் ஃபிக் வகுத்த விரவல் விதி. அந்த விதியிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு: சத்து வெளிவரத் தேவைப்படும் நேரம் துண்டின் பருமனுக்கு ஏற்பக் கூடுவதில்லை, பருமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 2 மில்லிமீட்டர் சீவலுக்கு 10 நிமிடம் போதுமென்றால், அதே வேரின் 4 மில்லிமீட்டர் சீவலுக்கு 40 நிமிடம் வேண்டும்.

இந்தப் பானையின் பொத்தான்கள் யாருக்காக அமைக்கப்பட்டவை என்பது இங்கேதான் விளங்குகிறது. சீன மருந்துக் கடைகள் சரக்கைப் பெரும்பாலும் சீவல்களாகவே தருகின்றன. அந்நாட்டு மருந்து நெறிநூல் மெல்லிய சீவலை 1 முதல் 2 மில்லிமீட்டர் என்றும், தடித்த சீவலை 2 முதல் 4 மில்லிமீட்டர் என்றும் வரையறுக்கிறது. கொதி வந்தபின், சளி காய்ச்சலுக்கான மணமுள்ள சரக்குகளுக்குக் குறைந்த நேரம், பொதுவான சரக்குகளுக்கு நடுத்தர நேரம், உடலைத் தேற்றும் கட்டியான வேர்களுக்கு நீண்ட நேரம் என்பது அவர்களுடைய வழக்கம். மூன்று பொத்தான்களும் அந்த மூன்று நேரங்களே. நம்முடைய வழக்கம் வேறு. ஒன்றிரண்டாக இடித்த குடிநீர்ச் சூரணத்தைத்தான் நாம் அடுப்பேற்றுகிறோம். நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தை நடுப்பொத்தானில் காய்ச்சியபோது, கொதி வந்து சில நிமிடங்களிலேயே வளைகோடு படுத்துவிட்டது. அதன்பிறகு பானை ஓடிய நேரம் முழுவதும் சத்தைப் பொறுத்தவரை வீண். அதோடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், சுக்கு ஆகியவற்றின் ஆவியாகும் எண்ணெய்களுக்கு நட்டமும்கூட. ஆகவே, இடித்த சரக்கு எதுவானாலும் முதல் பொத்தானே போதும் என்பது என் முடிவு. அமுக்கரா, அதிமதுரம் போன்றவற்றை வேர்த் துண்டாகவே போடுகிறவர்கள் மட்டும் நீண்ட நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

மூடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம் குடிநீர் முறையில் நேரம் என்ற அளவே கிடையாது. நாலொன்றாய் வற்ற வேண்டும், எட்டொன்றாய்ச் சுண்ட வேண்டும் என்று நீரின் அளவைத்தான் பதமாகக் கொண்டார்கள். கடிகாரம் இல்லாத காலத்தில், அடுப்பின் எரிவு எப்படி இருந்தாலும் ஒரே முடிவுக்குக் கொண்டுசேர்க்கும் கூர்மையான ஏற்பாடு இது. சீனத்தின் பழைய முறையும் அதுவேதான். ஹான் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் வகுத்த மாஹுவாங் (எஃபெட்ரா என்ற செடி) குடிநீரில், 9 படி நீரில் மாஹுவாங்கை முதலில் தனியே காய்ச்சி, 2 படி வற்றியபின் மேலே வந்த நுரையை நீக்கி, பிறகுதான் மற்ற மூன்று சரக்குகளையும் இட்டு, இரண்டரைப் படியாகச் சுண்டவைக்கச் சொல்கிறார். இந்தப் பானையோ, மூடியில் படியும் ஆவியை நீராக்கித் திரும்பப் பானைக்குள்ளேயே விழச்செய்கிறது. 240 மில்லி நீரை ஊற்றி 60 மில்லியாக எடுக்கலாம் என்று எதிர்பார்த்து மூடிவைப்பவருக்கு, பானையின் ஓட்டம் முடிந்தபோது கிடைப்பது சற்றுக் குறைந்த 240 மில்லிதான். சத்து இறங்காமல் போய்விடவில்லை. செறிவு மட்டும் கால்பங்காக இருக்கிறது. அதை அறியாமல் வழக்கமான 60 மில்லியை அளந்து குடிக்கிறவர் மருந்தின் கால்பங்கை மட்டுமே உட்கொள்கிறார். மருத்துவர் சொன்ன அளவுக்கும் உள்ளே போன அளவுக்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பது சிறிய செய்தியன்று. பானையோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே இந்தக் கருவியின் மீது எனக்குள்ள பெரிய குறை.

இதற்கு ஒரு தீர்வு கண்டேன். மூடியோடு முதல் பொத்தானை முடித்து, சக்கையை வடித்தெடுத்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பானையில் திரும்ப ஊற்றி, மூடியில்லாமல் சுண்டவைக்கலாம். சக்கையோடு சேர்த்துச் சுண்டவைப்பதைவிட இது மேலானது. ஏனென்றால், நீர் குறையக் குறைய வெளியே செறிவு கூடுகிறது. துண்டுக்கு உள்ளும் புறமும் உள்ள செறிவு வேறுபாடுதான் சத்தை வெளியே தள்ளுகிறது என்பதால், அந்தத் தள்ளுதலும் தளர்ந்துவிடுகிறது. காருகுறிச்சி மண்சட்டியில் விறகடுப்பின் மேல் திறந்து காய்ச்சும்போது இறங்குவதும் வற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பானையில் அவற்றைப் பிரித்து நடத்த முடிகிறது. ஆனால் அதைச் செய்வது நாமாகத்தான் இருக்க வேண்டும். பழைய முறையை மாறாமல் பின்பற்றச் சொல்லும் மருத்துவரிடம் குடிநீர் வாங்கிக் குடிப்பவர், இப்படிப் பிரிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

சீனர்கள் ஒரே சரக்கை இரண்டு முறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து குடிப்பது ஏன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். 60 கிராம் சரக்கை 600 மில்லி நீரில் இடுகிறோம் என்றும், சக்கை 120 மில்லி நீரைத் தன்னுள்ளே பிடித்துவைத்துக்கொள்கிறது என்றும், ஆவியாவதைக் கணக்கில் கொள்ளாமல் வைத்துக்கொள்வோம். நன்றாகக் கரையும் சத்து ஒன்று முழுதும் இறங்கி, உள்ளும் புறமும் ஒரே செறிவாகிவிட்டாலும், வடியும் 480 மில்லியோடு வருவது 80 விழுக்காடுதான். மீதி 20 விழுக்காடு சக்கையின் ஈரத்திலேயே தங்கிவிடும். இன்னும் எத்தனை நாழிகை கொதிக்கவைத்தாலும் இந்த 80 கூடாது. வடித்தபின் 480 மில்லி புதுநீரை ஊற்றி மறுபடி காய்ச்சினால், தங்கிய 20-இல் 16 விழுக்காடு வந்து, மொத்தம் 96 ஆகிவிடும். இதே 1,080 மில்லி நீரையும் ஒரே தடவையில் ஊற்றிக் காய்ச்சியிருந்தால் 89 விழுக்காடுதான் கிடைத்திருக்கும். மூன்றாம் முறை காய்ச்சினால் கூடுவது 3 விழுக்காட்டை ஒட்டித்தான். அந்த உழைப்பு வேண்டாம். காப்பித்தூளில் இரண்டாம் டிகாக்ஷன் இறக்குகிற வீட்டாருக்கு இது புதிய செய்தியாக இராது.

சக்கையைத் துணியில் கட்டிப் பிழிவதன் அருமையும் இதே கணக்கில் தெரிகிறது. பிடித்துவைத்த 120 மில்லியில் பாதியைப் பிழிந்து எடுத்துவிட்டாலே முதல் காய்ச்சலில் 90 விழுக்காடு கிடைத்துவிடும். நம் பாட்டிமார் வேட்டித் துணியில் சக்கையை முறுக்கிப் பிழிந்ததற்குப் பின்னால் இத்தனை சத்து இருந்திருக்கிறது. பானையின் மூக்கில் உள்ள சல்லடையோ நீரை வடிக்குமே தவிரப் பிழியாது. மேலும் அதன் துளைகள் சீவலுக்கு ஏற்றவை. ஒன்றிரண்டாக இடித்த சரக்கின் தூள் அவற்றில் அடைத்துக்கொள்கிறது, அல்லது நீரோடு வந்துவிடுகிறது. சரக்கைத் துணிக்கிழியாகக் கட்டி உள்ளே இட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிழியைத் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் கிழி முழுவதும் ஒரே பெரிய துண்டுபோல நடந்துகொள்ளும், பருமனின் வர்க்கக் கணக்கு மீண்டும் வந்து குறுக்கே நிற்கும்.

பானையைப் பாராட்ட வேண்டிய இடங்களும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் சற்று நேரம் ஊறவிட்டு, பிறகு வேகமாகச் சூடேற்றி, கொதி வந்ததும் தணிந்து மெல்லக் கொதிக்கும்படி இதை அமைத்திருக்கிறார்கள். ஊறுவதால் உலர்ந்த உயிரணுக்களில் உள்ள காற்று வெளியேறித் துண்டு ஊதிக்கொள்கிறது. அமுக்கரா போன்ற மாவுள்ள வேரை ஊறவிடாமல் கொதிநீரில் இட்டால், மேற்பரப்பில் மாவு வெந்து, கூழாகி, உள்ளிருக்கும் சத்துக்கு வழியை அடைத்துவிடும். தணிந்த கொதியும் சரியான ஏற்பாடே. கொந்தளித்துக் கொதிப்பதால் சத்து விரைந்து இறங்கிவிடாது, ஏனென்றால் தடை இருப்பது துண்டுக்கு உள்ளே. கொந்தளிப்பு நடப்பது அதற்கு வெளியே. வெப்பநிலை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், கொந்தளிப்பில் மிகுவது ஆவியும் மணத்தின் இழப்பும்தான். எரிவாயு அடுப்பில் இந்தத் தணிவைக் காக்க அருகிலேயே நிற்க வேண்டும்; பானை அதைத் தானே செய்கிறது. மூடியில் படிந்து திரும்பும் ஆவி, மணமுள்ள எண்ணெயின் ஒரு பகுதியையும் மீட்டுத் தருகிறது.

ஆனால் எல்லாச் சரக்கையும் ஒன்றாக இட்டு ஒரு பொத்தானை அழுத்துவது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. இறங்கும் வேகத்தோடு சிதையும் வேகத்தையும் கணித மாதிரியில் சேர்த்தாக வேண்டும். நம் ஊருக்கு நெருக்கமான சான்று நிலவாகை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைந்து, திருநெல்வேலி சென்னா என்ற பெயரோடு வெளிநாடுகளுக்குப் போகிற இலை இது. சீன மருத்துவத்திலும் இடம்பெற்றிருக்கிறது. இதில் உள்ள சென்னோசைடுகளே ரேவல்சின்னிக் கிழங்கிலும் உள்ள மலமிளக்கும் பொருள்கள். அவை விரைவில் இறங்கும். நீண்ட நேரம் கொதித்தால் சிதையும். அதனால்தான் சீன முறையில் பேதிக்காகக் கொடுக்கும் ரேவல்சின்னியைக் கடைசியில் இடுகிறார்கள். இத்தகைய சரக்கின் வளைகோடு ஏறி, உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கும். நீண்ட பொத்தானை அழுத்துகிறவருக்கு அதிக மருந்து கிடைக்கும் என்ற எண்ணம் இங்கே நேர்மாறாகிவிடும்.

நச்சுள்ள சரக்கில் இதே சிதைவு உயிரைக் காக்கிறது. நம் நாபி என்னும் நச்சுக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த சீனச் சரக்கில் உள்ள அகோனிட்டின் என்ற நச்சு, நெடுநேரக் கொதியில் நீராற்பகுப்பு அடைந்து (நீரோடு வினைபுரிந்து உடைந்து) நச்சு பெரிதும் குறைந்த பொருள்களாக மாறுகிறது என்பதால், அதை மற்றவற்றுக்கு முன்னால் இட்டுக் காய்ச்சுகிறார்கள். முன்னால் இட வேண்டியது, பின்னால் இட வேண்டியது என்ற இந்த வரிசைக்குப் பானையில் எந்த ஏற்பாடும் இல்லை. நடுவில் ஒரு மணி ஒலித்து நினைவூட்டினால்கூடப் போதும். நச்சுச் சரக்குகளை வீட்டில், எந்தக் கருவியிலும், எவரும் காய்ச்சிப் பார்க்கக் கூடாது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்கிறேன். பொத்தான் அவற்றைப் பாதுகாப்பாக்கிவிடாது.

நீரால் எளிதில் எடுக்க முடியாத சத்துகளும் உண்டு. மிளகின் பைப்பரின் நீரில் அரிதாகவே கரையும். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு குளிர்ந்த நீரில் மிகக் குறைவாகவும் சூட்டில் சற்றுக் கூடுதலாகவும் கரையும். இதற்குச் சீனத்தின் பெரிய சான்று மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின். அது கிடைக்கும் செடியான, நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த சிங்ஹாவைக் காய்ச்சிப் பார்த்தபோது நிலையான பயன் கிடைக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கோ ஹொங், அச்செடியை நீரில் நனைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைப் படித்த சீன விஞ்ஞானி தூ யூயூ, சூடே கெடுக்கிறது போலும் என்று கருதி, சுமார் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு 1971-இல் சாறெடுத்தார். அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முற்றிலும் அடக்கியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பானையின் விளம்பர அட்டையில், மூலிகையின் முழுச் சத்தையும் எடுத்துத் தரும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நீரில் கரையும் சத்தை எடுத்துத் தரும் என்பதே உண்மை.

காய்ச்சி முடித்ததும் தானாகச் சூட்டைக் காக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். சக்கை ஊறிக்கொண்டிருக்க, சிதையக்கூடியவை மணிக்கணக்கில் சிதைந்துகொண்டிருக்கும். சூடாக இருக்கும்போதே வடித்துவிடுவது நல்லது. ஆறியபின் வடித்தால், குளிர்ந்து படியும் சத்து சக்கையோடு போய்விடும். பல சரக்குகள் சேர்ந்த குடிநீரில், ஒரு சரக்கின் சத்து இன்னொன்றின் சத்தோடு பிணைந்து படிவாவதும் உண்டு. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் இப்படிப் படியக்கூடியது. தெளிந்திருக்க வேண்டும் என்று அடியில் நின்ற வண்டலைக் கொட்டிவிடாமல், கலக்கிக் குடிப்பதே நல்லது.

பீங்கானால் செய்திருப்பது நல்ல முடிவு. துவர்ப்புச் சத்துள்ள கடுக்காய் போன்றவற்றை இரும்பில் காய்ச்சினால் நீர் மையாகக் கறுத்துவிடும். சீனர்களும் இரும்பையும் செம்பையும் விலக்கி மண்கலத்தைத்தான் நாடினார்கள். தாமிரபரணித் தண்ணீரில் காய்ச்சும்போது பானையின் உட்புறம் சுத்தமாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் வெண்படிவு ஏறுகிறது, புளித்தண்ணீர் ஊற்றிவைத்துத் தேய்த்தால் போய்விடுகிறது. மின்சாரம் போய்த் திரும்பினால் பானை விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் நின்றுவிடுகிறது என்பது நம் ஊரில் பெரிய குறை. அப்படி நின்றால் பானையை முதலிலிருந்து மறுபடி ஓட்டாமல், இடித்த சரக்கானால் அப்படியே வடித்துவிடலாம். சத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே இறங்கியிருக்கும்.

முதியவர்களுக்கு நாள்தோறும் குடிநீர் காய்ச்ச வேண்டிய வீடுகளுக்கும், வேரும் பட்டையுமாகத் துண்டுச் சரக்கைக் காய்ச்சுகிறவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எப்போதோ ஒருமுறை நிலவேம்புக் குடிநீர் மட்டும் காய்ச்சுகிறவருக்கு மண்சட்டி போதும். கடையில் இருக்கும் 5 லிட்டர்ப் பானையை வாங்க வேண்டாம். ஒரு வீட்டுக்கான சிறிய அளவு நீர் அதன் அகன்ற அடியில் மெலிதாகப் பரவி, சரக்கு முழுதும் மூழ்காமல் நிற்கும். சீன வழக்கில் சரக்குக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும் என்பார்கள். 3 லிட்டர்ப் பானையில் இது எளிதில் அமைகிறது. வாங்கும்போது மூடியைத் தனியாக உதிரியாகத் தருவார்களா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.